வாடகையிலும் அறம் கண்ட ஆக்டேவியா ஹில் அம்மையார்

கடையில் உழைத்துச் சேர்த்த பணத்தை எதில் போடுவது? வணிகம் செய்வோர் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பெரும்பாலோர் காணும் விடையும் ஒன்றுதான். நகரத்துக்குள் ஒரு கட்டடம் வாங்கி வாடகைக்கு விடவேண்டும். மாதம் பிறந்தால் வாடகை வரும். ஆண்டுகள் செல்லச் செல்ல இடத்தின் விலையும் ஏறும். பிள்ளைகளுக்கும் ஒரு சொத்து இருக்கும். இந்த எண்ணத்தில் தவறொன்றும் இல்லை.

ஆனால், கட்டடத்தை வாங்கிவிட்டால் போதும், வாடகை தானே நடந்து வந்து பெட்டியில் விழும் என்று எண்ணுவோர் உளர். அவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். கட்டடம் வெறும் கல்லும் சுண்ணாம்பும் அன்று. அதனுள் மக்கள் குடியிருக்கிறார்கள். கல்லைக் கவனியாவிட்டால் கட்டடம் கெடும். மக்களைக் கவனியாவிட்டால் வருமானம் கெடும். இவ்வுண்மையை மேடையில் பேசிக் காட்டாமல், வரவு செலவுக் கணக்கை எழுதிக் காட்டி மெய்ப்பித்தவர் ஒரு பெண்மணி. இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஆக்டேவியா ஹில் அம்மையாரே அவர். அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும், ஒரு வீட்டையேனும் வாடகைக்கு விட்டிருப்போர் அவர் வரலாற்றை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

நொடித்த வணிகரின் மகள்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் விஸ்பெக் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1838ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் ஆக்டேவியா பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஹில் தானிய வணிகர்; ஊரில் மதிப்பும் செல்வாக்கும் பெற்றவர். ஆனால் வணிகத்தில் ஏற்றமும் இறக்கமும் யாரைத்தான் விட்டன! 1840இல் அவருடைய தொழில் நொடித்தது. அதனால் அவர் மனமும் தளர்ந்து, குடும்பத்தைத் தாங்கும் வலிமையை இழந்தார். தாயார் கேரலைன் பெண்மக்களோடு தம் தந்தையின் ஆதரவை நாடவேண்டியதாயிற்று.

அந்தப் பாட்டனார்தாம் டாக்டர் சவுத்வுட் ஸ்மித். ஏழைகள் வாழும் தெருக்களில் சாக்கடையும் குடிநீரும் சீராக இல்லாமையே காய்ச்சலுக்கும் சாவுக்கும் காரணம் என்று ஓயாமல் எடுத்துரைத்த மருத்துவர் அவர். அவருடைய அறிக்கைகளைப் பார்த்தும் கேட்டும் பேத்தி வளர்ந்தார். ஏழையின் வீடு எப்படி இருக்கிறது என்பது சிறு வயதிலேயே ஆக்டேவியாவின் உள்ளத்தில் பதிந்துவிட்டது.

1852இல் தாயார் இலண்டனில் பெண்களுக்கான கூட்டுறவுத் தொழிற்கூடம் ஒன்றை நடத்தும் பொறுப்பை ஏற்றார். அங்கே ஏழைச் சிறுமியர் பொம்மை செய்யும் பகுதியை மேற்பார்க்கும் வேலை ஆக்டேவியாவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 14. சரக்கு வாங்குவது, கூலி கொடுப்பது, கணக்கு எழுதுவது அனைத்தையும் அந்த வயதிலேயே கற்றுக்கொண்டார். ஒரு சிறுமி வேலைக்கு வராவிட்டால் அவள் வீட்டைத் தேடிப் போவார். அப்படிப் போய்ப் பார்த்த வீடுகள் அவரை உறங்கவிடவில்லை.

அன்றைய இலண்டன்

1801இல் இலண்டனில் சுமார் 10 இலட்சம் மக்கள் இருந்தனர். 1861இல் அத்தொகை சுமார் 28 இலட்சமாகப் பெருகிற்று. பிழைப்பைத் தேடி நாட்டுப்புறத்து மக்கள் வந்து குவிந்தனர். புகைவண்டிப் பாதை போடுவதற்காக ஏழைகளின் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன. மக்கள் பெருக, வீடுகள் குறைய, ஒரே அறையில் ஒரு முழுக் குடும்பம் வாழும் நிலை ஏற்பட்டது.

நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். அவரிடமிருந்து நீண்ட குத்தகை எடுத்தவர் மற்றொருவர். அவரிடமிருந்து வீடு வீடாக எடுத்து, அறை அறையாக வாடகைக்கு விடும் இடைத்தரகர் வேறொருவர். குத்தகை முடிவதற்குள் கறந்ததெல்லாம் இலாபம் என்பதே இடைத்தரகர்களின் எண்ணம். கூரை ஒழுகினால் அவர்களுக்கென்ன? சாக்கடை அடைத்தால் அவர்களுக்கென்ன? குடியிருப்பவரோ, வீட்டுக்காரர் எதையும் செய்யப் போவதில்லை என்று தெரிந்துகொண்டு வாடகையை இழுத்தடித்தனர்; கையில் கிடைத்ததை உடைத்து அடுப்பெரித்தனர். வாடகை தராமல் ஓடிப்போனவரின் பாக்கியை ஈடுகட்ட, ஒழுங்காகத் தருபவர்மீது வாடகையை ஏற்றினர். நாணயமாக இருந்தவருக்கு அதுவே தண்டனையாயிற்று.

இத்தகைய வீட்டுக்காரர் ஒருவரை ஆக்டேவியா சந்தித்தார். அவருடைய மற்றொரு தொழில் பிணப்பெட்டி செய்து அடக்கத்துக்கு ஏற்பாடு செய்து தருவது. வாடகை பாக்கி நிறைய நிற்குமே என்று ஆக்டேவியா கேட்டபோது, தாம் வாடகையை நம்பி இல்லை என்றும், அவ்வீடுகளில் நேரும் சாவுகளால் தமக்குக் கிடைக்கும் வேலையே ஆதாயம் என்றும் அம்மனிதர் கூசாமல் சொன்னாராம். பணத்தை மட்டுமே குறியாகக் கொண்டால் மனிதன் எங்கே போய் நிற்பான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

750 பவுன் முதல்

ஆக்டேவியாவிடம் எண்ணம் இருந்தது; பணம் இல்லை. பள்ளி நடத்தியும், ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்தும் அவர் குடும்பத்தைக் காத்து வந்தார். படியெடுக்கும் வேலையைத் தந்தவர் புகழ்பெற்ற எழுத்தாளரும் கலை அறிஞருமான ஜான் ரஸ்கின். 1864இல் ரஸ்கினின் தந்தையார் காலமானார். மது வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். அச்செல்வம் மகனுக்கு வந்தது. அதை எவ்வழியில் செலவிடலாம் என்று ரஸ்கின் எண்ணிக்கொண்டிருந்தபோது, ஆக்டேவியா தம் திட்டத்தை அவரிடம் எடுத்துச் சொன்னார்.

ரஸ்கின் இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் ஆதாயம் வரவேண்டும் என்பதே அது. அவருக்குப் பணத்தாசை என்று எண்ணிவிடக் கூடாது. இதைத் தருமமாகச் செய்தால் தம் பணத்தோடு வேலை நின்றுவிடும். நியாயமான ஆதாயம் உண்டு என்று காட்டினால் பணமுடையோர் பலரும் பின்பற்றுவர் என்பது அவருடைய கணக்கு. அரசாங்கக் கடன் பத்திரம் அன்று தந்தது ஏறத்தாழ 3 சதவீதமே. ஆகவே 5 சதவீதம் என்பது பேராசையும் அன்று, வெறுங்கையும் அன்று. அந்த 5 சதவீதமும் கடன் கொடுத்து வாங்கும் வட்டி அன்று. வாடகை வரவில் எல்லாச் செலவும் போக வீட்டுக்காரருக்கு மிஞ்சவேண்டிய ஆதாயம் என்பதையும் நம் வாசகர்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

1865இல் மேரிலபோன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்னும் சந்தில், ஆறு ஆறு அறைகள் கொண்ட மூன்று வீடுகளின் குத்தகையை ரஸ்கின் 750 பவுனுக்கு வாங்கினார். குத்தகைக் காலம் 56 ஆண்டு. 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 37 பவுன் 10 ஷில்லிங் ஆதாயம் காட்டவேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதையும் ஏற்ற ஆக்டேவியாவுக்கு அப்போது வயது 26.

பாரடைஸ் என்றால் சொர்க்கம் என்று பொருள். பெயர்தான் சொர்க்கம்! அக்காலத்தில் அவர் ஏற்றெடுத்த வீடுகளின் நிலையை அவரே எழுதி வைத்திருக்கிறார். சுவர்ப்பூச்சு உதிர்ந்து கிடந்தது. கூரை ஒழுகியதால் மாடிப்படியில் வாளி வைத்திருந்தார்கள். படிகளின் கைப்பிடிக் கிராதிகள் அடுப்புக்கு விறகாகிவிட்டன. எல்லாருக்கும் பொதுவாக இருந்த தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றே, அதுவும் ஓட்டை. 192 கண்ணாடிச் சில்லுகள் இருந்த சன்னல்களில் உடையாமல் இருந்தவை எட்டே எட்டு.

அம்மையார் கையாண்ட முறை

இந்த வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்று சிலர் கூறினர். ஆக்டேவியா அவ்வாறு செய்யவில்லை. வீட்டை மட்டும் புதிதாக்கி, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உறவைப் பழையபடியே விட்டால், புது வீடும் சில ஆண்டுகளில் பாழாகும் என்று அவர் கண்டார். ஆகவே பழைய வீடுகளையே எடுத்து, அவற்றை நடத்தும் முறையை மாற்றினார்.

முதலாவது, வாரந்தோறும் தாமே நேரில் சென்று வாடகை வாங்கினார். இருண்ட படிகளில் ஏறி, ஒவ்வொரு கதவையும் தட்டி, பணத்தைப் பெற்றுக் கணக்கில் பதிந்தார். வாடகை வாங்கும் வேளையிலேயே வீட்டின் பழுதுகளைக் கண்ணால் பார்த்தார். குடும்பத்தில் நோய் உண்டா, வேலை இல்லையா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்பதையும் அறிந்துகொண்டார். ஆனால், அழையாமல் உள்ளே நுழைந்து துருவிக் கேட்பதை அவர் வெறுத்தார். குடியிருப்பவரும் தம்மைப் போல மதிப்புடையவர் என்றே நடந்துகொண்டார்.

இரண்டாவது, வாடகை பாக்கியை அவர் ஒருபோதும் பொறுக்கவில்லை. இங்கேதான் பலர் வியப்படைவர். ஏழைகளிடம் இரக்கமுள்ளவர் பாக்கியை விட்டுக்கொடுக்க வேண்டாமா? விட்டுக்கொடுத்தால் பாக்கி ஏறும். ஏறிய பாக்கியை ஏழை ஒருநாளும் தீர்க்க முடியாது. முடிவில் இரவோடு இரவாக ஓடிப்போவான். அவன் பாக்கி அடுத்த வீட்டு நாணயஸ்தன் தலையில் விழும். இதுவே அவர் கண்ட கணக்கு. ஆகவே, தராதவருக்கு வீட்டைக் காலி செய்யும்படி அறிவிப்புக் கொடுத்தார். வேலை இல்லாமல் தடுமாறுபவருக்கோ வாடகையைத் தள்ளாமல் வேலையைத் தேடிக் கொடுத்தார். அவசரமில்லாத மராமத்து வேலைகளை, கூலி வேலை குறைந்த காலத்துக்கென ஒதுக்கி வைத்துக் குடியிருப்பவர்களுக்கே கொடுத்தார். படிகளையும் நடைகளையும் வாரம் ஒருமுறை கழுவுவதற்கு வீட்டிலுள்ள பெரிய பெண்பிள்ளைகளுக்குக் கூலி தந்தார். பணம் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது, வீடும் துப்புரவாயிற்று.

மூன்றாவது, மராமத்துச் செலவைத் தள்ளிப் போடவில்லை. கூரை, சாக்கடை, தண்ணீர் ஆகிய மூன்றையும் முதலில் சீர்செய்தார். மற்றவற்றைச் சிறுகச் சிறுகச் செய்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு மராமத்துப் பணம் என்று ஒதுக்கினார். உடைப்பும் சேதமும் குறைந்து அப்பணத்தில் மீதி நின்றால், அது வீட்டுக்காரர் பைக்குப் போகாது. குடியிருப்பவர் தமக்கு வேண்டியது எதுவெனச் சொல்லுகிறார்களோ அதற்கே செலவிடப்பட்டது. விளைவு என்ன? நேற்றுவரை சன்னலை உடைத்தவர்கள் இன்று அதைக் காக்கத் தொடங்கினார்கள். உடையாத ஒவ்வொரு கண்ணாடியும் தங்களுக்கே ஆதாயம் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கோடிக்கணக்கில் சொத்து வைத்திருப்போரும் படிக்கவேண்டிய பாடம் இது.

நான்காவது, ஒரே அறையில் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்களை இரண்டு அறை எடுக்கும்படி தூண்டினார். இரண்டாவது அறைக்கு முழு வாடகை கேட்காமல் குறைத்துக் கொடுத்தார். அறைகள் காலியாகக் கிடப்பதும் குடிகள் மாறிக்கொண்டே இருப்பதும் குறைந்தன. நெடுநாள் தங்கும் நல்ல குடியே வீட்டுக்காரரின் பெரிய ஆதாயம் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

கணக்கு சொன்ன உண்மை

ஆண்டு முடிவில் கணக்கைப் பார்த்தபோது, ரஸ்கின் கேட்ட 5 சதவீதம் குறையாமல் வந்தது. வராத வாடகை மிகச் சிறிது. அத்துடன், மற்றொரு காரியமும் ஆக்டேவியா செய்தார். 56 ஆண்டுக் குத்தகை என்றால், ஆண்டு ஒன்று கழிந்தால் முதலில் ஒரு பகுதி கரைகிறது என்று பொருள். வரும் வாடகை அனைத்தையும் ஆதாயம் என்று எடுத்துச் செலவழித்தால், குத்தகை முடியும் நாளில் கையில் ஒன்றும் நில்லாது. ஆகவே முதலைத் திருப்பி அடைப்பதற்கென்று ஒரு நிதியை அவர் சேர்த்து வந்தார். 99 ஆண்டுக் குத்தகை, நிரந்தர உரிமை என்னும் வேறுபாட்டை நன்கு அறிந்த நம் அன்பர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். இடத்தின் விலை ஏறுகிறது என்ற மகிழ்ச்சியில், குத்தகையின் வயது இறங்குவதை மறந்துவிடுவோர் இன்றும் இருக்கிறார்களல்லவா?

1866இல் ரஸ்கின், அதே பகுதியில் பிரெஷ்வாட்டர் பிளேஸ் என்ற இடத்தில் மேலும் ஐந்து வீடுகளை முழு உரிமையோடு வாங்கிக் கொடுத்தார். அங்கே வெறுமையாகக் கிடந்த நிலத்தைப் பிள்ளைகள் விளையாடும் இடமாக்கி ஆக்டேவியா மரங்கள் நட்டார். அந்த நிலத்தில் இன்னும் சில அறைகளைக் கட்டினால் வாடகை கூடியிருக்குமே என்று சிலர் நினைக்கலாம். பிள்ளைகள் விளையாட இடமுள்ள வீட்டை எந்தத் தாய் விட்டுப் போவாள் என்பதே அதற்கு விடை.

ரஸ்கினின் கணக்கு பொய்க்கவில்லை. ஆதாயம் உண்டு என்று தெரிந்ததும் பணமுடையோர் பலர் வீடுகளை வாங்கி ஆக்டேவியாவின் கையில் ஒப்படைத்தனர். 1874இல் அவர் நடத்திய குடியிருப்புத் திட்டங்கள் 15. குடியிருந்தோர் சுமார் 3,000 பேர். தாம் ஒருவரே எல்லாக் கதவையும் தட்ட முடியாது என்பதால், பெண்களைத் தேர்ந்தெடுத்து வாடகை வாங்கவும், பேரேடு எழுதவும், மராமத்தைப் பார்க்கவும் பழக்கினார். பெண்களுக்கென்று ஒரு புதிய தொழிலே அதனால் பிறந்தது. 1916இல் அத்தொழிலில் இருந்த பெண்கள் தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

1875இல் இலண்டன் ஏழைகளின் வீடுகளைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் நூலாக வெளிவந்தன. விக்டோரியா அரசியாரின் மகள் ஆலிஸ் இளவரசியார் அந்நூலை ஜெர்மன் மொழியில் வெளிவரச் செய்தார். 1884இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துக்களை நிருவகித்த ஆணையம், தென் இலண்டனிலிருந்த தன் வீடுகளை அவர் பொறுப்பில் விடத் தொடங்கியது. 1896இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அவர் பெயராலேயே ஒரு வீட்டுச் சங்கம் தோன்றிற்று. கடல் கடந்தும் அவர் முறை பரவியது.

குறையும் நிறையும்

அவர் வாழ்வு முழுவதும் வெற்றியே என்று சொல்லிவிட முடியாது. 1877இல் ரஸ்கினுக்கும் அவருக்கும் மனவேறுபாடு முற்றி, பழைய நட்பு முறிந்தது. அத்துயரமும் ஓயாத உழைப்பும் சேர்ந்து அவர் உடல்நலத்தைக் கெடுத்தன. நெடுங்காலம் ஓய்வெடுக்க நேர்ந்தது. டெட்ஃபோர்டு பகுதியில் ஏற்ற வீடுகளில் பாக்கியும் சேதமும் அவரை மிகவும் சோதித்தன. எல்லா இடத்திலும் ஒரே மருந்து பலிக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வீடு வீடாகச் சென்று திருத்தும் முறையால் சில ஆயிரம் பேருக்கு நன்மை செய்யலாம். பல இலட்சம் பேருக்கு வீடு கொடுக்க முடியாது. நகராட்சியே வீடு கட்டிக் கொடுப்பதை ஆக்டேவியா ஏற்கவில்லை. அரசு தரும் முதியோர் உதவித் தொகையையும், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டதையும்கூட அவர் எதிர்த்தார். இவற்றில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. அவருக்குப் பின் பிரிட்டனில் அரசாங்கமே பெரும் அளவில் வீடு கட்ட முன்வந்தது. 1960இல் தொடங்கிய சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வரலாறும், அரசு கைவைத்தால் எவ்வளவு விரைவில் மக்களுக்கு வீடு கிடைக்கும் என்பதையே காட்டுகிறது.

ஆனால் தனியார் ஒருவர் தம் பணத்தில் வாங்கி வாடகைக்கு விடும் வீட்டை எப்படி நடத்தவேண்டும் என்ற கேள்விக்கு, அவர் கண்ட விடை இன்றும் பழசாகவில்லை.

அம்மையார் வீட்டோடு நின்றுவிடவில்லை. நெருக்கடியான தெருக்களில் வாழ்வோருக்குப் பசுமையான வெளியும் வேண்டும் என்று போராடினார். 1887இல் சவுத்வார்க் பகுதியில் ஒரு தோட்டத்தை அமைத்தார். 1895இல் ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய இருவரோடு சேர்ந்து, அழகிய நிலங்களையும் பழைய கட்டடங்களையும் மக்களுக்காகக் காக்கும் தேசிய அறக்கட்டளையை நிறுவினார். இன்றும் இங்கிலாந்தில் மலையும் கடற்கரையுமாகப் பல இடங்கள் அந்த அறக்கட்டளையின் காவலில் இருக்கின்றன.

1912ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 73ஆவது வயதில் ஆக்டேவியா ஹில் காலமானார். அரசரும் அறிஞரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு இடம் தர முன்வந்தார்கள். ஆனால் அவர் விரும்பியபடியே கெண்ட் மாவட்டத்துச் சிற்றூராகிய கிராக்கம் ஹில்லில் அடக்கம் செய்யப்பட்டார். பாரடைஸ் பிளேஸ் இப்போது கார்பட் பிளேஸ் என்று வழங்குகிறது. அவர் பணி தொடங்கிய இடம் அது என்பதைச் சொல்லும் நினைவுப் பலகை அங்கே இருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது

அன்பர்களே! குறுகிய காலத்தில் கறந்துவிடலாம் என்று எண்ணிய இடைத்தரகர்கள் வீட்டையும் கெடுத்தார்கள், வாடகையையும் இழந்தார்கள். நியாயமான ஆதாயம் போதும் என்று எல்லை வகுத்துக்கொண்ட ஆக்டேவியாவின் கையிலோ வீடும் நிலைத்தது, வாடகையும் ஒழுங்காக வந்தது. இது கருணையின் வெற்றி மட்டும் அன்று, கணக்கின் வெற்றியுமாகும்.

கட்டடம் வாங்கப் போகிறவர் இடத்தைப் பார்க்கட்டும்; குத்தகையின் ஆயுளைப் பார்க்கட்டும்; வரி, மராமத்து, காலியாகக் கிடக்கும் மாதங்கள் இவை போக என்ன மிஞ்சும் என்று பார்க்கட்டும். வாங்கிய பிறகு, வாடகை வாங்கப் பிள்ளையையோ ஏஜெண்டையோ அனுப்பிவிட்டு மறந்துவிடாமல், ஆண்டுக்குச் சில முறையேனும் தாமே அந்தப் படிகளில் ஏறிப் பார்க்கட்டும். கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, குடியிருப்பவர் முகம் எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணால் காணட்டும். பேரேட்டில் தெரியாத நட்டமும் இலாபமும் அங்கே தெரியும்.